முன்னால் மன்னிப்பு, பின்னால் சண்டை

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புரோட்டா கடை இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் சீரியல் பல்பு சுற்றிய முருகன், நடுத்தட்டில் கடலை மிட்டாய் பாட்டில்கள், கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு நிமிர்த்தி வைத்த ஒரு காமிக்ஸ் புத்தகம். சாப்பிட வருகிறவர்கள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போனது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. போன வருடம் வந்த காமிக்ஸ்களிலேயே சிறந்தது அது. அதைத் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவில் நாலு பேர். மூன்று பேருக்குத் தலை நரைத்துவிட்டது. மிச்சமிருக்கிற ஒருவர் டை அடிக்கிறார். அது யார் என்று இங்கே எழுதினால் எனக்கு அந்தக் கடையில் சால்னா நின்றுபோகும்.

வருடா வருடம் டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, சாயங்காலத்துக்குக் கல் சூடேறுவதற்கு முன்னால், கடையின் மாடியில் கூடுவோம். கடைக்காரர்தான் ஏற்பாடு. இரண்டாவது ஆள் அருப்புக்கோட்டை – திருச்சுழி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெஞ்சு. மூன்றாவது ஆள் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா. எங்களைவிட மூத்தவர். காட்டு வேலைக்குப் போன வீட்டிலிருந்து படித்து வந்து கவர்மெண்ட் நாற்காலியில் உட்கார்ந்தவர். முதல் சம்பளத்தில் காமிக்ஸுக்குச் சந்தா கட்டியவர். நாலாவது நான்.

ஆளுக்கு ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். ஏன் என்று பேச வேண்டும். மற்றவர்கள் கிழிப்பார்கள். கிழிபட்டு மிஞ்சுவது அலமாரிக்குப் போகும். பிறகு, வரப்போகும் வருடத்துக்கு ஆளுக்கு ஓர் ஆசை சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைவோம். ஒரே ஒரு விதி: புத்தகத்தைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவணும். புரோட்டா கடையில் கூடுகிற இலக்கிய அமைப்புக்கு இதைவிட முக்கியமான சட்டம் கிடையாது.

போன வருடம் வரைக்கும் என் புத்தகம் ஒரு தடவைகூட அலமாரி ஏறியதில்லை. ஒரு முறை பேய்க் கதை ஒன்றைச் சொன்னேன். "முடிவு எப்படி?" என்று அக்கா கேட்டார். பயத்தில் கடைசிப் பத்துப் பக்கத்தை நான் படிக்கவில்லை என்பது அங்கேதான் வெளியே வந்தது. பதற்றம் எனக்குக் குலதெய்வம் மாதிரி. ரத்த அழுத்தம் பார்க்கப் போனால், அந்தப் பட்டையைப் பார்த்தே எனக்கு அழுத்தம் ஏறும்.

தொழிலில் மட்டும் நான் பதறுவதில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை பார்க்கிற வேலை எனக்கு. தறியிலிருந்து வருகிற சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நீளப் பாவில் இழை விட்டிருக்கிறதா, குறுக்கு ஊடை சேர்ந்து வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். "உன் கண்ணுக்குத் தப்புனது எதுவும் இல்ல" என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

போன வருடம் நல்ல வருடம். மாதம் தவறாமல் பார்சல் வந்தது. தண்ணிக்கு அடியிலேயே முழுக் கதையும் நடக்கும் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கதை வந்தது. தண்ணியைப் பார்க்காத ஊர்க்காரன் என்பதால் ரெண்டு தடவை படித்தேன். குண்டு துப்பறிவாளர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே கொலையைக் கண்டுபிடிக்கும் சிரிப்புக் கதை வந்தது. கடைக்காரர் அதற்கு உயிரை விடுவார். ரயில் கொள்ளைக் கதை ஒன்று. அதில் வரும் டிக்கெட் பரிசோதகரை நம் கண்டக்டர் தன் பங்காளி மாதிரி பேசுவான். பிறகு அந்தக் கிணறு வெட்டும் அண்ணன் தம்பி கதை வந்தது.

மொழிபெயர்ப்புக் கதைதான். எங்கோ ஒரு பாலைவனம். ஆனால் அந்தப் பொட்டலைப் பார்த்தால் சீமைக்கருவேலம் மட்டும்தான் குறை. மற்றபடி நம்ம பக்கம்தான். கதை இதுதான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கிணறு வெட்டுகிறார்கள். கிணற்றின் அடியில் நிற்கும் தம்பி மேலே பார்த்து, "அண்ணே, நீ என்னைய…" என்று ஆரம்பிக்கிறான். பக்கம் முடிந்துவிடும். திருப்பினால், முழுப் பக்கத்துக்கு ஒரு கழுதை. ஆளில்லாத பொட்டலில் ஒத்தைக் கழுதை.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

அடுத்த பக்கத்தில் அண்ணன் கிழவனாகி வந்து நிற்கிறான். தம்பியும் கிழவன். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறான். அண்ணன் குடிக்கிறான். ரெண்டு பேரும் அழுகிறார்கள். எதற்கு என்று நமக்குத் தெரியாது. திருப்பினால் மறுபடியும் வாலிப வயது, கிணற்று இருட்டிலிருந்து தம்பியின் குரல்: "…கொஞ்சம் மேல தூக்கி விடு." அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊறுகிறது, சண்டை வருகிறது, பிரிகிறார்கள், அண்ணன் கழுதையோடு ஊர் ஊராகத் தேடுகிறான். கடைசியில் தம்பி மடியில் அண்ணன் சாகிறான்.

அன்றைக்கே எங்கள் வாட்ஸப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். நீளத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுருக்கம் இது: "இந்தக் கதாசிரியர் சாதாரண ஆளு இல்லைங்க. மொதல்ல மன்னிப்பைக் காட்டிட்டு அப்புறம்தான் சண்டையைக் காட்டுறாரு. சண்டை போடுறப்பவே நமக்குத் தெரியும், இவங்க ஒரு நாள் சேருவாங்கன்னு. அதனால கோபம் வரலை, அழுகைதான் வருது. 'நீ என்னைய'ன்னு ஆரம்பிச்ச வார்த்தை ஒரு ஆயுசு கழிச்சுத்தான் முடியுது. நடுவுல நிக்கிது பாருங்க அந்தக் கழுதை, அதுதாங்க காலம்."

கழுதைதான் காலம். சொன்ன எனக்கே புல்லரித்தது.

ஒரு நாள் முழுக்கக் குழுவில் சத்தமே இல்லை. பிறகு கடைக்காரர் ஒரு கும்பிடு அனுப்பினார். அக்கா, "இரண்டாம் முறை வாசிப்பில் உள்ளேன்" என்று ஆபீஸ் தமிழில் எழுதினார். கண்டக்டர், "ஏலே, இந்த வருசம் அலமாரி ஒனக்குத்தான்லே" என்றான். அன்றிலிருந்து நான் நடக்கும் நடையே மாறிவிட்டது. என் மனைவி, நாங்கள் வீட்டில் பேசும் கன்னடத்தில், "பொம்மைப் புஸ்தகத்துக்குப் பரிசு வாங்கப் போற ஆளுக்கு இஸ்திரிச் சட்டை ஒரு கேடா?" என்று கேட்டுக்கொண்டே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரின் பஸ்ஸிலேயே ஏறினேன். அந்த ட்ரிப்போடு அவனுக்கு வேலை முடிகிறது. நேராக மாடிக்கு வந்துவிடுவான். ஜன்னலுக்கு வெளியே கரிசல் முழுக்க மக்காச்சோளமும் மல்லியும் பச்சையாக நின்றன. பேசவேண்டியதை ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் கையெல்லாம் வேர்வை.

"ஏலே, ஒன் புக்கைக் குடு" என்றேன் கண்டக்டரிடம்.

"ஒன்னுது எங்க?"

"என்னுது அலமாரிக்குப் போறது. கறை படக்கூடாது."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையைக் காட்டினான். "எடுத்துக்க. உள்ள டிக்கெட்டு சொருகி வச்சிருக்கேன், உருவிப்புடாத."

ரோஸ், மஞ்சள், பச்சை என்று பஸ் டிக்கெட்டுகள் பக்கங்களுக்கு நடுவில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. கண்டக்டர் புத்தி என்று நினைத்துக்கொண்டேன். தம்பி "நீ என்னைய…" என்று ஆரம்பிக்கும் பக்கத்தை எடுத்தேன். கண்ணை மூடிக் கழுதையை நினைத்தேன். திருப்பினேன்.

கழுதை இல்லை. "…கொஞ்சம் மேல தூக்கி விடு" என்று இருந்தது. அண்ணன் கயிற்றை இழுத்தான். தம்பி மேலே வந்தான். அவ்வளவுதான்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம். பாவம், இவனுக்கு ஃபாரம், அதாவது பக்கக் கட்டு, இடம் மாறித் தைத்த புத்தகம் வந்திருக்கிறது. ஒரு மகத்தான கதையைத் தப்பான வரிசையில் படித்துவிட்டு, என் பேச்சை நம்பித் தலையாட்டியிருக்கிறான். "ஏலே," என்று கூப்பிட்டேன். அவன் பின் படிக்கட்டிலிருந்து திரும்பினான். "ஒன் புக்கு பைண்டிங் மாறிருக்குடா. கவலைப்படாத. நான் கம்பெனிக்கு எழுதி மாத்தித் தாறேன்."

"அப்படியா?" என்றான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்லே. சேலையே பாக்குற ஆளு." சொல்லிவிட்டு ஒரு பாட்டியிடம் சில்லறை கேட்கப் போனான்.

எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று பார்த்து வைப்போமே என்று படித்துக்கொண்டே போனேன். தண்ணீர் ஊறியது. சண்டை வந்தது. பிரிந்தார்கள். தேடினான். வயதானது. தம்பியின் ஊருக்கு வெளியே கழுதையைக் கட்டிப்போட்டான். அதுதான் அந்தப் பக்கம். வாளி, தண்ணீர், அழுகை, சாவு. ஒரு முடிச்சு இல்லை, ஒரு குழப்பம் இல்லை. எல்லாம் கோர்வையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

என் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்தேன். முதுகுப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பக்க எண் போடாத புத்தகம் அது. படத்தைக் கெடுக்கும் என்று போடுவதில்லை. ஆனால் தையலில் கட்டுக் கட்டாகத் தெரியும் அல்லவா? நாலாவதாக வரவேண்டிய கட்டு இரண்டாவது இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பாவில் ஒரே ஒரு இழை விட்டாலும் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிற கண்ணு. ஒரு முழு ஃபாரம் இடம் மாறியது தெரியவில்லை. அதற்கு விளக்கவுரை வேறு.

கழுதைதான் காலம்! அட, கழுதை!

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் ஓடி, ஒரு ரெண்டு மூன்று வருடம் கழித்து வேறு பெயரில் வரலாமா என்று யோசித்தேன். வயிற்றுவலி என்று சொல்லலாம். ஆனால் கண்டக்டர் வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுவான், ஊரே பார்க்கும். என் புத்தகம் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது என்று சொல்லலாம். ஜன்னல் கண்ணாடி இறுகி, திறக்கவே இல்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: புத்தகத்தை மாற்றிவிடுவது. எனக்குப் பிடித்தது நீர்மூழ்கிக் கப்பல். வேறு எதுவும் நான் படிக்கவே இல்லை என்று சாதித்துவிடுவது.

மாடியில் அக்கா முதலில் வந்து உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சோப்புப் பெட்டியோடு படியிலேயே நின்றார். நான் கழுவிய கழுவில் ரேகை அழிந்திருக்கும். வழக்கமாக அக்காதான் முதலில் பேசுவார். அன்றைக்கு, "தம்பி ஆரம்பிக்கட்டும்" என்றார்.

எழுந்தேன். "இந்த வருசம் எனக்கு ரொம்பப் பிடிச்சது…" என் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "…நீர்மூழ்கிக் கப்பல்."

கீழே புரோட்டா மாஸ்டர் மாவை ஓங்கித் தட்டினார்.

"ஏலே," என்றான் கண்டக்டர், "கழுதை எங்க?"

"கழுதை… கழுதை சும்மா."

"சும்மாவா? அதுதான் காலம்ன?"

"எல்லாக் கழுதையும் காலம் ஆயிருமா?" என்று கத்தினேன். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஃபாரம் மாறியது, தையல், நாலாவது கட்டு, என் கண்ணு. நான் மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தபோது கடைக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் அழுகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

அக்கா தன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆபீஸ் ஃபைலில் கட்டுகிற பச்சை நூல் அதன் பக்கங்களுக்கு நடுவே மூன்று இடங்களில் தொங்கியது. கடைக்காரர் தன் புத்தகத்தைப் போட்டார். பார்சல் கட்டும் ரப்பர் பேண்டு போட்டுப் பக்கங்களைப் பிரித்து வைத்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் நாக்குகளோடு மூன்றாவதைப் போட்டான். மூன்று புத்தகத்திலும் அடையாளங்கள் அதே மூன்று இடங்களில் இருந்தன. முதல் கட்டு முடியும் இடம். நாலாவது தொடங்கும் இடம். பிறகு இரண்டாவதுக்குத் திரும்பும் இடம்.

"நீ பேசி அனுப்புன அன்னைக்கே புக்கை எடுத்தேன்லே," என்றான் கண்டக்டர். "கழுதையத் தேடுறேன், தேடுறேன், காணோம். சரி, எனக்குத்தான் தப்பா வந்திருக்குன்னு அக்காவுக்குப் போன் போட்டேன்."

"என் புத்தகத்துலயும் இல்ல," என்றார் அக்கா. "இவுக கடைப் புத்தகத்துலயும் இல்ல. மூணு பேருக்கும் ஒண்ணாத் தப்பு வராதுல்ல? அப்பவே தெரிஞ்சு போச்சு, யாரு புக்கு மாறியிருக்குன்னு."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"இவன் சொல்லிருவோம்னுதான் குதிச்சான். நான்தான் வேணாம்னேன். மொதல்ல அந்தத் தம்பி சொன்ன வரிசையில ஒருக்காப் படிச்சுப் பாப்போம்னேன்." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிச்சேன். கோர்வையாப் படிக்கையில 'தூக்கி விடு'ன்னா, கெணத்துக்குள்ள நிக்கிறவன் கயிறு கேக்குறான், அவ்வளவுதான். ஒன் வரிசையில அந்த வாளித் தண்ணிக்கு அப்புறம் வருது பாரு, அங்க வேற ஒண்ணு கேக்குறான். எனக்கும் என் தங்கச்சிக்கும் பேச்சு வார்த்தை இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. படிச்ச மறுநாளு போன் போட்டேன். சண்டை இன்னும் தீரலை. ஆனா பேசிக்கிட்டே சண்டை போடுறோம்."

கடைக்காரர் வாயிலிருந்து துண்டை எடுத்தார். சிரித்தாரா அழுதாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. "அண்ணே, எனக்குச் சாப்பிட்டுக்கிட்டே துப்பறியுற குண்டுதான் உசுரு. ஆனா இந்த வருசம் வேணாம். அவரு ஒக்காரட்டும். கழுதை அலமாரிக்குப் போகட்டும்."

ஓட்டெடுப்பு என்றால் கை தூக்குவது. மூன்று கை எழுந்தது. நாலாவது கையைத் தூக்கலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"கம்பெனிக்கு எழுதி மாத்தித் தாறேன்னியே," என்றான், "எழுதட்டுமா?"

"எழுதுனா கைய ஒடிச்சிருவேன்."

ஒரு சிக்கல் வந்தது. அலமாரியில் வைக்க வேண்டியது என் பிரதியைத்தான். மற்ற மூன்றும் வெறும் சரியான புத்தகங்கள். ஒரு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பிரிந்திருக்க வேண்டும். சேகரிக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். கழுதைப் பக்கத்தை விரித்து உறைக்குள் வைத்து, வாயை நானே டேப் போட்டு ஒட்டினேன். ஒட்டிய டேப்பை ரெண்டு தடவை தடவிப் பார்த்தேன். ஆனால் அது பதற்றம் இல்லை. எனக்குப் பதற்றத்தை நன்றாக அடையாளம் தெரியும்.

பிறகு ஆசைகள். அடுத்த வருடத்தில் ஒரு கதாநாயகனாவது குதிரையை விட்டு இறங்கி, டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் போகணும் என்றான் கண்டக்டர். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடணும், கண்ணாடி மாற்றிக் கட்டுப்படியாகவில்லை என்றார் கடைக்காரர். அக்கா மனுவுக்குப் பதில் எழுதுவதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "அம்பது வயசுப் பொம்பளை ஒருத்தி குதிரையேறி வரணும். கதை முடியுற வரைக்கும் சாகக் கூடாது. யாருக்கும் டீ போட்டுக் குடுக்கவும் கூடாது." அதைக் கேட்டதும், டீ கொண்டுவர எழுந்த கடைக்காரர், "நான் இருக்கேன்ல, நானே போடுறேன்" என்று கீழே ஓடினார்.

என் முறை வந்தது. நையாண்டியாக ஒன்றைச் சொல்லித் தப்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "நம்ம பொட்டலை யாராவது வரையணும். கரிசல் வெடிச்சுக் கெடக்குறதை, கண்மாய்க்கரையை, கருவேல முள்ளை. எங்கயோ இருக்குற பாலைவனத்துல ஒரு கெணத்தைப் பாத்தே நாம இந்தப் பாடு பட்டோம். நம்ம கெணத்தை வரைஞ்சா எப்படி இருக்கும்?"

கண்டக்டர் தன் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் திணித்தான்.

"வரைஞ்சு," என்றான் கண்டக்டர், "அதையும் ஒனக்கு மட்டும் மாத்தித் தைச்சுக் குடுக்கணும்."

பொங்கல் கழிந்து சேலை விஷயமாகத் திருச்சுழிக்குப் போனேன். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் புரோட்டா கடைக்குப் போயிருப்பேன். அலமாரி நேராகத் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். முருகனுக்குக் கீழே, கடலை மிட்டாய்க்குக் கீழே, கழுதைப் பக்கம் தெரியும்படி உறையோடு நிறுத்தியிருந்தார் கடைக்காரர்.

லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட வந்த ஒரு டிரைவர் கல்லாவில் நின்று அதையே பார்த்தார். "என்ன மொதலாளி, கழுதையப் போயி சாமிக்குக் கீழ வச்சிருக்கீக?"

"அது சாதாரணக் கழுதை இல்லைண்ணே. ஒலகத்துலயே ஒரு காப்பிதான் இருக்கு. அந்தா, புரோட்டாவைப் பிச்சுக்கிட்டு இருக்காகளே, அவுகளோடது."

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் வாயில் புரோட்டா அப்படியே நின்றது.

"இவுக எழுதுனதா?"

"எழுதுனது வேற ஆளு," என்றார் கடைக்காரர், மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே. "படிச்சது இவுக."

விழுங்கினேன். பிறகு, பசி இல்லாவிட்டாலும், இன்னொரு புரோட்டா போடச் சொன்னேன்.